ஆங்கிலச் சிற்றூரும் நமது மலைத் தோட்டமும்

ஆங்கிலப் பள்ளிக்கூடங்களிற் படித்த நம்மவர்க்கு இங்கிலாந்து தேசத்துச் சிற்றூர் ஒன்று மிகவும் பழக்கமானது. அவ்வூருக்கு நம்மில் பெரும்பாலோர் போனதில்லை. ஆயினும் அதன் சிறு கோவிலும், கோவிலைச் சூழ்ந்த கல்லறைகளும், பசும்புற்றரையும், ஓடையருகில் மாவரைக்கும் ஆலையும், பொழுது சாயும் வேளையில் வீடு திரும்பும் உழவனும் கண்ணெதிரே நிற்பன போலத் தோன்றும். பாட்டனார் பிறந்த ஊர் திருச்சி ஜில்லாவிலா, சேலம் ஜில்லாவிலா என்று கேட்டால் விழிக்கின்ற இளைஞருங்கூட, ஆங்கில இலக்கியம் பயின்றவராயின், கோல்ட்ஸ்மித் பாடிய ‘ஆபர்ன்’ என்னும் ஊரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவர். இதனைப் பழிப்பது நமது கருத்தன்று. நல்ல காவியம் எந்நாட்டில் தோன்றினும் அது படிப்பவர்க்கெல்லாம் உரியது. ஆனால், ஓர் ஊரைப் பற்றிய பாட்டையோ கதையையோ எவ்வாறு எடை போடுவது, அதில் எதைத் தேடுவது, எது இல்லாவிடின் குறையென்று சொல்வது என்பதைப் பள்ளிக்கூடம் நமக்குக் கற்பிக்கவில்லை. அந்த அளவுகோல் கைக்கு வந்தால் இங்கிலாந்துச் சிற்றூருக்கு மட்டுமன்றி, நாம் வாழும் இக்கேமரன் மலைக்கும், நம்மவர் எழுதும் தோட்டக் கதைகளுக்கும் அது பயன்படும். ஆகவே அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆலிவர் கோல்ட்ஸ்மித் ‘கைவிடப்பட்ட சிற்றூர்’ என்று பொருள்படும் தமது காவியத்தை 1770-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் சாரம் இது. ஆபர்ன் ஒரு காலத்தில் இன்பம் நிறைந்த ஊர். அங்கே ஏழைக்கு இரங்கும் பாதிரியார் இருந்தார்; ஊரார் வியக்கும் படிப்புடைய வாத்தியார் இருந்தார்; வேலை முடிந்ததும் மக்கள் மரநிழலிற் கூடி ஆடிப் பாடினர். பின்னர் ஒரு செல்வன் நிலங்களை வளைத்துக்கொண்டான். குடியானவர்கள் வெளியேறினர். வீடுகள் பாழாயின. ஊரார் கண்ணீருடன் கப்பலேறி அமெரிக்காவுக்குச் செல்வதோடு காவியம் முடிகிறது. சிலருடைய சுகபோகத்துக்காகப் பலரை நிலத்தைவிட்டு அகற்றுவது தேசத்துக்கே கேடு என்று கவி இடித்துரைக்கின்றார்.

இவ்விடிப்புரை வெறுங் கற்பனையினின்று எழுந்ததன்று. ஆக்ஸ்போர்டு மாகாணத்தில் நூனம் கோர்ட்னி என்னும் ஊர் இருந்தது. ஹார்கோர்ட் பிரபு தமது புதிய மாளிகையைச் சுற்றி அழகிய பூங்காவனம் அமைக்க விரும்பி, 1760-க்குப் பிந்திய ஆண்டுகளில் அப்பழைய ஊரை இருந்த இடத்தினின்று அப்புறப்படுத்தினார். குடிகளுக்கு வேறிடத்தில் சாலையோரமாக வீடுகள் கட்டிக் கொடுத்தார். கோல்ட்ஸ்மித்தின் மனத்தில் இருந்தது இவ்வூராகவே இருக்கலாமென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இதில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. உலகம் புகழும் ஆங்கில நாட்டுப்புறத்தின் எழில் முழுவதும் இயற்கை தந்ததன்று. மாளிகையின் பலகணியிலிருந்து பார்க்கும் ஒருவரது கண்ணுக்கு இடையூறாயிருந்தவற்றை நீக்கி உண்டாக்கிய எழிலும் அதிலுண்டு. நீக்கப்பட்டவற்றில் மனிதர் வாழ்ந்த வீடுகளும் அடங்கும்.

இனி நமது மலைக்கு வருவோம். 1885-ல் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டு அறிவித்தார். 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பின்னரே இங்கு மலைவாசஸ்தலம் அமைக்கும் ஏற்பாடு உறுதிப்பட்டது. தாப்பாவிலிருந்து ஏறிவரும் மலைப்பாதை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முடிந்தது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலுள்ள தானா ராத்தாவின் குளிர்ச்சி, மலாயாச் சமவெளியின் வெக்கையில் வாடிய வெள்ளைக்காரருக்குத் தாய்நாட்டை நினைப்பூட்டிற்று. கடலைத் தாண்டிச் சீமைக்குப் போய்வர ஓய்வில்லாதவர் இங்கேயே ஒரு சிறு சீமையைச் சமைத்துக்கொள்ள முனைந்தனர். வெள்ளைச் சுவரிற் கருமரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்த வீடுகள் எழுந்தன. புகைபோக்கியும் கணப்பு அடுப்பும் அமைந்தன. ரோஜாத் தோட்டமும், கோல்ப் விளையாடும் புற்றரையும் தோன்றின. அத்தகைய விடுதிகள் இன்றும் உள்ளன. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருவோர் அங்கே ஸ்ட்ராபெரிப் பழப்பாகும் தேநீரும் அருந்தி, இங்கிலாந்துச் சிற்றூருக்கே வந்துவிட்டதாக மகிழ்ந்து, படம் எடுத்துக்கொண்டு இறங்குகின்றனர்.

மகிழ்வோரோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வியை இங்கே கேட்டாக வேண்டும். இம்மலையிற் செய்து வைத்திருப்பது இங்கிலாந்துச் சிற்றூரின் பிரதியா, அல்லது பாட்டிலும் படத்திலும் வந்த சிற்றூரின் பிரதியா? பாட்டிலுள்ள சிற்றூர்தான் பிரதி செய்யப்பட்டது என்பது நமது துணிபு. மெய்யான சிற்றூரில் கதிரடிப்பவனும், துணி வெளுப்பவளும், குளிரில் காய விறகில்லாத கிழவியும் இருந்தார்கள். அவர்களை மலைக்குக் கொண்டுவர எவரும் நினைக்கவில்லை. அவர்கள் செய்த வேலையைச் செய்ய வேறு கைகள் இங்கே கிடைத்தன. காட்டை வெட்டிய கை, பாதைக்குக் கல்லுடைத்த கை, நாற்று நட்ட கை யாவும் மலையின் சரித்திரத்தை வழக்கமாகச் சொல்லும்போது ‘கூலியாட்கள் சிலர்’ என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிடுகின்றன. நீராவியால் ஓடும் சாலை உருளை ஒன்று வந்தது என்றும், கோவேறு கழுதைகள் சுமை ஏற்றி வந்தன என்றும் எண்ணிச் சொல்வோர், மனிதரை எண்ணிச் சொல்வதில்லை. இவர்களெல்லாம் வருவதற்கு முன்பே இக்காடுகளில் வாழ்ந்துவந்த செமாய் மக்களோ, அவ்விரண்டு சொற்களைக்கூடப் பெறவில்லை.

நிற்க. கோல்ட்ஸ்மித்தின் காவியம் வெளிவந்த பதின்மூன்றாம் ஆண்டில் அதற்கு ஒரு மறுப்பு இங்கிலாந்திலேயே பிறந்தது. ஜார்ஜ் கிராப் என்பவர் 1783-ல் ‘சிற்றூர்’ என்னும் காவியத்தை வெளியிட்டார். சபோக் மாகாணக் கடற்கரையிலுள்ள ஆல்ட்பரோ என்னும் ஊரிற் பிறந்து ஏழ்மையை அனுபவித்தவர் அவர். ஆட்டிடையர் குழலூதி இன்புறுவதாகப் பாடும் புலவர்கள் உழுகிறவனுடைய வியர்வையைக் கண்டதில்லை என்று அவர் சாடினார். களை மண்டிய மணல்நிலத்தையும், ஏழைகளை அடைத்து வைக்கும் தர்மவிடுதியையும், சாகக்கிடப்பவனை அலட்சியமாகப் பார்த்துவிட்டுப் போகும் வைத்தியனையும் அவர் பாட்டிற் கொண்டுவந்து நிறுத்தினார். கோல்ட்ஸ்மித் ஊர் பாழானதைச் சொன்னதில் உண்மையுடையவர். பாழாவதற்கு முன் அது சுவர்க்கமாயிருந்தது என்று சொன்னதில் உண்மை தவறியவர். கிராப்பின் காவியத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தாலொழிய இவ்வேறுபாடு புலப்படாது. நமது பாடப்புத்தகங்களில் முன்னவர் இடம்பெற்ற அளவுக்குப் பின்னவர் இடம்பெறாதது தற்செயலாயிருக்கலாம். ஆயினும் அதன் விளைவு சிறிதன்று.

கவிகள் இருவருக்கும் அப்பால் மூன்றாமவர் ஒருவரையும் நாம் நினைவுகூர வேண்டும். அவர் கவியல்லர், பாதிரியார். டேவிட் டேவிஸ் என்பது அவர் பெயர். பெர்க்‌ஷயர் மாகாணத்துப் பார்க்கம் என்னும் சிற்றூரில் அவர் குருவாயிருந்தார். 1787-ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி அவ்வூர்க் கூலிக் குடும்பங்கள் ஆறின் வரவு செலவை வீடு வீடாகக் கேட்டு எழுதினார். பின்னர் வேறு பல ஊர்களிலிருந்தும் அத்தகைய கணக்குகளை வருவித்து, 1795-ல் ஒரு நூலாக வெளியிட்டார். ஆண்மகன் வாரமெல்லாம் உழைத்து ஏழெட்டு ஷில்லிங் பெறுகிறான். ரொட்டிக்கும் வாடகைக்கும் விறகுக்கும் துணிக்கும் அது போதவில்லை என்பதை அவர் பென்னிக் கணக்கில் எடுத்துக் காட்டினார்.

அந்நூலில் நமக்கு நெருங்கிய உறவான விஷயம் ஒன்று உண்டு. ஏழைகள் தேநீர் குடித்தே கெட்டுப் போகிறார்கள் என்று அக்காலத்துக் கனவான்கள் குறை கூறினர். டேவிஸ் அதற்கு விடை பகர்ந்தார். பொதுநிலங்களை வளைத்துக்கொண்டதால் ஏழை பசு வளர்க்க இயலவில்லை, ஆகவே பாலில்லை. மால்ட் என்னும் முளைதானியத்தின் விலை ஏறிவிட்டது, ஆகவே வீட்டில் வடிக்கும் பீரும் இல்லை. எஞ்சியது வெந்நீரும், அதற்கு நிறம் கொடுக்கச் சில மட்டமான தேயிலைத் தூளும், மிகவும் தாழ்ந்த பழுப்புச் சர்க்கரையுமே. இஃது ஏழையின் ஆடம்பரமன்று, அவனுக்கு வேறு வழியில்லாமையின் அடையாளம் என்றார். 1784-ல் பார்லிமெண்டு தேயிலை வரியை நூற்றுக்கு 119-லிருந்து பன்னிரண்டரையாகக் குறைத்திருந்தது. ஆகவே அது குடிசைக்கும் எட்டிற்று. அன்று அத்தேயிலை சீனத்திலிருந்து வந்தது. சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. பின்னாளில் அஸ்ஸாமிலும், இலங்கையிலும், நீலகிரியிலும், ஆனைமலையிலும், ஈற்றில் இம்மலையிலும் தேயிலை பயிராயிற்று. ஆங்கிலச் சிற்றூரின் குடிசையில் இருந்த கோப்பைக்கும் நமது லயத்துக் கூடைக்கும் உள்ள தொடர்பு இதுவே. பலகணியோரம் தேநீர் அருந்தும் படத்தில் இத்தொடர்பு தெரியாது. வரவு செலவுக் கணக்கிற்றான் தெரியும்.

‘பாட்டு கணக்குப் புத்தகமாகுமா? அழகைத் தேடுவோரிடம் கூலிக் கணக்கைக் காட்டலாமா?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. நாம் செக்ரோல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள். அப்புத்தகத்தின் எல்லை நமக்கு நன்றாய்த் தெரியும். பெயர், நம்பர், வந்த நாள், வராத நாள், பறித்த கொழுந்தின் எடை ஆகியவை அதில் இருக்கும். வராத நாளில் அவள் ஏன் வரவில்லை என்பது அதில் இராது. பிள்ளைக்குக் காய்ச்சலா, இரவு புருஷன் அடித்தானா, மழையில் வழுக்கி விழுந்தாளா என்பவற்றுக்கு அதில் இடமேயில்லை. செக்ரோல் முடிகிற இடத்திலேதான் இலக்கியம் தொடங்க வேண்டும். ஆனால் செக்ரோலில் உள்ள பெயர்களைக்கூடக் காணாமற் பனியையும் பூவையும் மட்டும் கண்ட பாட்டு, உண்மையின் அளவில் செக்ரோலினுங் குறைந்தது என்று சொல்ல நாம் தயங்கோம்.

இங்கிலாந்தில் உழைத்தவர்களே எழுந்து பாடியதும் உண்டு. ஸ்டீவன் டக் என்னும் கதிரடிப்போர் தமது வேலையின் கடுமையைப் பாட்டாக எழுத, அது 1730-ல் அச்சாயிற்று. அவர் அதில் வயல் வேலைக்கு வரும் பெண்களை வாயாடிகள் என்று பரிகசித்துவிட்டார். மேரி கோலியர் என்னும் வண்ணாரப் பெண்மணி 1739-ல் ‘பெண்ணின் உழைப்பு’ என்று தலைப்பிட்டுப் பதிற்பாட்டு எழுதினார். ஆண்களோடு வயலில் உழைத்து, வீடு திரும்பி அடுப்பு மூட்டி, பிள்ளையைக் கவனித்து, விடியுமுன் மறுபடியும் எழுகிறவளுக்கு ஓய்வு எங்கே என்று கேட்டார். கோல்ட்ஸ்மித்தின் காவியத்துக்கு 31 ஆண்டு முன்னரே இக்கேள்வி அச்சேறிவிட்டது. பெரட்டுக்குச் சங்கு ஊதுமுன் எழுந்து சோறு கட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிய நம் தாய்மாருக்கு இதைப் படித்துக் காட்டினால், ‘இது யார் எழுதியது? நம் லயத்துப் பெண்ணா?’ என்றுதான் கேட்பார்கள்.

ஜான் கிளேர் மற்றொருவர். 1793-ல் ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரிற் கதிரடிப்பவருடைய மகனாகப் பிறந்தவர். 1809-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தால் அவ்வூர்ப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டன. தாம் ஓடித்திரிந்த மேட்டையும் ஓடையையும் மரத்தையும் இழந்த துயரை அவர் வாழ்நாளெல்லாம் பாடினார். பறவையின் கூட்டையும் புல்லின் பூவையும் அவர்போல் நுணுகிக் கண்டவர் அரியர். 1820-ல் அவரது முதல் நூல் வெளிவந்தபோது, அவர் ஊர்ப் பேச்சுச் சொற்களைக் கொச்சையென்று திருத்த முற்பட்டோரும் இருந்தனர். இறுதியிற் பைத்தியசாலையிற் பல்லாண்டிருந்து 1864-ல் இறந்தார். நாட்டுப்புற அழகைப் பாடினால் ஏழையை மறக்க வேண்டுமென்று எந்த விதியுமில்லை என்பதற்கு கிளேர் சான்று. வேலியால் இழந்தவனே பூவை நன்றாய்ப் பார்த்தான்.

சிற்றூர் வாய் திறந்தபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பதும் சரித்திரத்தில் உள்ளது. டார்செட் மாகாணத்து டால்பட்டில் என்னும் ஊரிற் கூலியைக் குறைத்துக்கொண்டே போனதைக் கண்ட விவசாயத் தொழிலாளர் ஒரு சங்கம் அமைத்தனர். 1834-ல் அறுவரை, சட்டவிரோதமான பிரமாணம் செய்தனர் என்று குற்றஞ்சாட்டி, ஏழாண்டுத் தண்டனை விதித்து, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினர். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்ததால் 1836-ல் மன்னிப்பு வழங்கினர். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, கள்ளுக்கடையை மூடவேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பனவும் அவர்கள் கோரிக்கைகளில் இருந்தன. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படைகள் சுட்டதிற் சிலர் மாண்டனர். டால்பட்டிலும் கிள்ளானும் ஒரே நூலின் இரண்டு அத்தியாயங்கள். ஆபர்னை மனப்பாடம் செய்தவர்க்கு இவ்விரண்டும் தெரியாவிடின், சிற்றூரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பாதியே.

தமிழ் இலக்கியத்தை இதே அளவுகோலால் அளந்தால் என்ன தோன்றும்? பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் சரிதத்தைச் சொல்லப் புகுந்த சேக்கிழார், ஆதனூரின் வயல்வளத்தைப் பாடியதோடு நில்லாமற் சேரிக்குள்ளும் நுழைந்தார். கூரைமேற் படர்ந்த சுரைக்கொடியையும், முற்றத்துக் கோழிக்குஞ்சையும், நாய்க்குட்டியையும், கையில் இரும்பு வளையணிந்து விளையாடும் கரிய சிறுவரையும் கண்டு எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதே கதையைக் கீர்த்தனையாக்கியபோது, புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரை நிலக்கிழாராகப் படைத்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு எஜமானன்முன் நிற்கும் பண்ணையாள் அப்போதுதான் தமிழ்ப் பாட்டில் அழுத்தமாய் உருப்பெற்றான். முன்னவர் வீட்டைக் கண்டார். பின்னவர் அவ்வீட்டாரைக் கட்டியிருந்த கயிற்றைக் கண்டார்.

தேயிலையைப் பற்றிய தமிழ்க் கதைகளில் முதலில் நினைக்கத்தக்கது புதுமைப்பித்தன் 1935-ல் எழுதிய ‘துன்பக்கேணி’. திருநெல்வேலிச் சீமைச் சிற்றூரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதி என்னும் பெண்ணின் கதை அது. அதன் சிறப்பு யாது? தோட்டத்தின் கொடுமையைக் காட்டுவதற்காகப் பிறந்த ஊரைச் சுவர்க்கமாக்கவில்லை என்பதே. ஊர் அவளைத் தள்ளிற்று. தோட்டம் அவளை விழுங்கிற்று. கோல்ட்ஸ்மித் விட்ட இடத்தில் புதுமைப்பித்தன் விடவில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்து, தொழிலாளர் சங்கமும் அமைத்த பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ என்னும் நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்துள்ளது. அதில் கிராப்பின் சினமும் டேவிஸின் கணக்கும் ஒருங்கே காணலாம். இலங்கையில் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களையே தேடித் தொகுத்தார்; அது உழைத்தவர் வாய்ச்சொல். நம் நாட்டில் அ. ரெங்கசாமி சயாம் மரண ரயில்பாதைக்குச் சென்ற நம்மவரின் கதையை ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலாக்கினார். ரப்பர்த் தோட்டத்தைப் பற்றி நம் எழுத்தாளர் எழுதியவை பல. இம்மலைத் தேயிலைக்கோ அத்தகைய எழுத்து மிகக் குறைவு. கேமரன் மலையென்றால் பனி, ரோஜா, தேனிலவு என்ற மூன்றோடு நின்றுவிடும் கவிதைகளே கைக்கு அதிகம் அகப்படுகின்றன. அவை பங்களாப் பலகணியிலிருந்து எழுதியவை. எழுதியவர் பங்களாவில் வாழாதவராயினும்.

இதுவரை பிறர் வரைந்த படத்தின் குறையைக் கூறினோம். நம்மவரே வரையும் படம் ஒன்றிலும் குறையுண்டு. அதைச் சொல்லாவிடின் இவ்விமர்சனம் ஒருதலையாகும்.

மலேசியத் தோட்டங்கள் பல கலைந்துவிட்டன. 1950-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வெள்ளைக்காரரின் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தனர். 1969-ல் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானதும், ஏறத்தாழ 60,000 இந்தியர் இந்நாட்டைவிட்டுச் சென்றனர். முன்பு நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலில் வந்தோர் பலர், அதே கப்பலில் வந்த வழியே திரும்பினர். பின்னர் ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீட்டுமனையாயிற்று, தோட்டத்து மக்கள் பட்டணத்து அடுக்குவீடுகளுக்குப் பெயர்ந்தனர். நமது ஆபர்ன் இதுவே. ஆகவே நகரத்துச் சகோதரர்கள் தாம் விட்டுவந்த தோட்டத்தை எண்ணி ஏங்குவதில் வியப்பில்லை. மாரியம்மன் திருவிழா, தப்பு முழக்கம், ஒரு வீட்டுக் குழம்பு நாலு வீட்டுக்குப் போன அன்பு ஆகியவற்றை அவர்கள் எழுதுகின்றனர். யாவும் உண்மையே. ஆனால் அதே லயத்தின் ஓரத்தில் இருந்த கள்ளுக்கடை அக்கதைகளில் எங்கே? ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்தும் சாதி கேட்டுப் பெண் கொடுத்தோமே, அது எங்கே? ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பப்பட்ட பெண்பிள்ளை எங்கே? இவற்றை விட்டுவிட்டால், தோட்டத்தைக் கலைத்தது அநியாயம் என்ற மெய்யான வழக்குக்கூட வலுவிழக்கும். ‘அவ்வளவு இன்பமாயிருந்ததென்றால் கூலி உயர்வு எதற்குக் கேட்டீர்கள்?’ என்று எதிரி கேட்பான். கோல்ட்ஸ்மித்தின் பிழையும் இதுவே: இழப்பைப் பெரிதாக்க எண்ணி, இழந்ததைப் பொய்யாக்கினார்.

இன்று இம்மலைச் சரிவுகளில் வேலை செய்வோரிற் பெரும்பாலார் நம்மவரல்லர். வங்காள தேசத்தாரும், நேப்பாளத்தாரும், இந்தோனேசியரும் வந்துள்ளனர். கைவிரலால் இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய வேலையைக் கத்தரியும் இயந்திரமும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. அந்நாலரைக் கிலோவை அறுப்பவன் ஊர் எது, அவன் யாருக்குப் பணம் அனுப்புகிறான், கடன் எவ்வளவு என்று நாம் கேட்கிறோமா? பழைய சரித்திரம் நம் பாட்டனைக் ‘கூலியாட்கள் சிலர்’ என்று எழுதியதாகக் குறைபடும் நாம், அவனை ‘வங்காளி’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். ஊரைப் பற்றி எழுதுவோர்க்குரிய அளவுகோல் நம்மையும் அளக்கும்.

ஆகவே அவ்வளவுகோலைச் சுருக்கிச் சொல்வோம். ஓர் ஊரையோ தோட்டத்தையோ பற்றிய எழுத்தை எடுத்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். காட்சி எவ்விடத்திலிருந்து பார்க்கப்படுகிறது: பங்களாவிலிருந்தா, பெரட்டுக் களத்திலிருந்தா? உழைக்கும் கைக்குப் பெயருண்டா? இழந்துபோன காலத்தைச் சொல்லும்போது அதன் புண்ணும் சொல்லப்படுகிறதா? இம்மூன்றுக்கும் விடை தரும் எழுத்தில் அழகு எவ்வளவு இருந்தாலும் வரவேற்போம். பனி உண்மை, விடியற்காலையில் சரிவெங்கும் பரவும் பச்சை உண்மை, அவற்றை முதலில் அறிந்தவர்கள் அதற்குள் நனைந்து நின்றவர்களே.

எழுத விரும்பும் இளைஞருக்கு நாம் கூறுவது இது. காடு வெட்டிய தலைமுறை போய்விட்டது. அவர்களுடைய மக்களும் இன்று முதுமையடைந்துவிட்டனர். லயத்திலும் பட்டணத்து அடுக்குவீட்டிலும் அவர்கள் இன்னும் இருக்கின்றனர். ஒவ்வொரு சரிவுக்கும் அவர்கள் இட்ட பெயரைக் கேட்டு எழுதுங்கள். கொழுந்து, கவாத்து, பெரட்டு, மண்டோர், லயம் என்னும் சொற்களைக் கொச்சையென்று நீக்காதீர்கள். கிளேரின் சொற்களைத் திருத்த வந்தோர் பெயர் யாருக்கும் நினைவில்லை, அவர் சொற்கள் நிலைத்தன. கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். பாட்டனின் குடியையும் பாட்டியின் பாட்டையும் சேர்த்தே எழுதுங்கள். இங்கிலாந்துச் சிற்றூருக்குக் கோல்ட்ஸ்மித்தும் கிராப்பும் கோலியரும் கிளேரும் இருந்தனர். நால்வரையும் படித்தபின்பே அவ்வூர் முழுமையாகத் தெரிகிறது. இம்மலைக்கு இன்னும் ஒருவரே போதிய அளவில் எழுதவில்லை. அப்பணியைப் பிறர் செய்வார் என்று காத்திருப்பது வீண். பெயர்ப்பட்டியல் நம் கையில் இருக்கிறது. பெயருக்குரியவர் சிலரேனும் உயிரோடிருக்கின்றனர். எழுதுகோலும் நம் கையில் இருக்கிறது.